மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்

பெர்னார்டு லீ என்று சொன்னால் நம் ரசிகர்களில் பலருக்குப் பிடிபடாது. முகத்தைக் காட்டினால் உடனே சொல்லிவிடுவார்கள்: ஜேம்ஸ் பாண்டின் மேலதிகாரி. 'டாக்டர் நோ' (1962) முதல் 'மூன்ரேக்கர்' (1979) வரை 11 படங்களில் 'எம்' என்ற ஓர் எழுத்துப் பெயரோடு ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர். ஷான் கானரி வந்தார், போனார், திரும்பி வந்தார். ஜார்ஜ் லேசன்பி ஒரே படத்தோடு ஒதுங்கினார். பிறகு ரோஜர் மூர் வந்தார். பாண்டுகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த மனிதர் மாறவில்லை.

சாருஹாசனை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அவரும் ஒரு முறை இதே நாற்காலியில் உட்கார்ந்தார் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? கமல்ஹாசன் நடித்து ராஜசேகர் இயக்கத்தில் 1986-ல் வெளிவந்த 'விக்ரம்' படத்தில், களவு போன அக்னிபுத்திரன் ஏவுகணையை மீட்க விக்ரமை அனுப்பும் உளவுத் துறைத் தலைவர் ராவ் அவர்தான்.

ஒருவர் பிரிட்டிஷ்காரர், நாடகக் குடும்பத்தில் பிறந்தவர். இன்னொருவர் பரமக்குடியிலிருந்து வந்த வழக்கறிஞர். இருவரும் உளவுத் துறைத் தலைவராக நடித்தார்கள் என்பது மட்டும் ஒப்பிடப் போதுமான காரணம் ஆகாது. என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. பெர்னார்டு லீ 'தண்டர்பால்' படத்தில் எம்-ஆக உட்கார்ந்த அதே 1965-ல், மார்ட்டின் ரிட் இயக்கிய 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்டு' படத்தில் மளிகைக் கடைக்காரராக வந்து ஓர் உளவாளியிடம் அடி வாங்கினார். சாருஹாசன் ராவாக நடித்த அதே 1986-ஆம் ஆண்டின் படங்களுக்கான தேசிய விருதுகளில் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். அது 'விக்ரம்' படத்துக்காக அல்ல, கிரீஷ் காசரவள்ளியின் கன்னடப் படமான 'தபரன கதெ'க்காக. அதில் அவர் ஓய்வூதியத்துக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் கடைநிலை ஊழியர். ஆக, இரண்டு குணச்சித்திர நடிகர்களும், அவரவர் காலத்தில், ஏறக்குறைய ஒரே சமயத்தில் அரசாங்க மேசையின் இரண்டு பக்கத்திலும் இருந்து காட்டியவர்கள்.

இப்படி ஓர் ஒப்பீடு எங்கள் பக்கத்தில் தோன்றுவது இயல்பு. எங்கள் கெலவரப்பள்ளி ஓசூரை ஒட்டிய ஊர். நந்தி மலைப் பக்கம் உற்பத்தியாகி, பெங்களூரின் கிழக்கு ஓரங்களைத் தொட்டுக்கொண்டு வரும் தென்பெண்ணை, தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தேங்குவது இங்குள்ள அணையில்தான். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்து, சிப்காட்டுக்கு ஷிஃப்டுக்குப் போகும் குடும்பங்கள் சுற்றுவட்டாரம் முழுக்க உண்டு. சென்னை 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, பெங்களூர் 40 கிலோமீட்டரில். தொலைக்காட்சி ஆன்டெனா எந்தத் திசை பார்த்து நின்றிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கமலின் 'விக்ரம்' தியேட்டரில்; 'தபரன கதெ' வீட்டு வரவேற்பறையில். நான் இரண்டையும் பார்த்தது அப்படித்தான். மைசூருக்கு வடக்கேயோ சேலத்துக்குத் தெற்கேயோ இருந்திருந்தால் இரண்டில் ஒன்று கண்ணில் படாமலே போயிருக்கலாம்.

முதலில் லீ.

1908-ல் பிறந்த அவர், ஆறு வயதிலேயே தந்தையோடு மேடை ஏறியவர். லண்டனின் ராயல் அகாடமியில் நாடகம் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் ராயல் சசெக்ஸ் படைப்பிரிவில் இருந்தார். போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் படங்களில் ஒரு போலீஸ்காரர் வேண்டுமென்றால் அவரைக் கூப்பிட்டார்கள். 'தி ப்ளூ லாம்ப்' (1950) படத்தில் இன்ஸ்பெக்டர் செர்ரி. அதற்கும் முன்னால், கேரல் ரீட் இயக்கிய 'தி தேர்டு மேன்' (1949) படத்தில் சார்ஜன்ட் பெயின். இந்தப் பெயினைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஏனென்றால் பின்னால் வந்த எம்-இன் விதை அதில்தான் இருக்கிறது.

போர் முடிந்த வியன்னா. குடித்துவிட்டுத் தன் மேலதிகாரி மேஜர் காலோவேயை அடிக்கக் கை ஓங்கும் அமெரிக்க எழுத்தாளர் ஹாலி மார்ட்டின்ஸை, பெயின் ஒரே குத்தில் கீழே தள்ளுகிறார். அடுத்த நொடி கைகொடுத்துத் தூக்கிவிட்டு, தூசி தட்டி, அவருடைய மலிவு விலை கௌபாய் நாவல்களின் வாசகன் நான் என்று மரியாதையோடு பேசுகிறார். முகத்தில் கொஞ்சமும் மாற்றம் இல்லை. குத்தியதும் கடமை, உபசரித்ததும் கடமை. இந்த மனிதருக்கு மேலே ஒரு உத்தரவு இருக்கிறது, உள்ளே ஒரு மனசும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் அவருக்குள் வாழ்கின்றன என்று சில நொடிகளில் நமக்குப் புரிந்துவிடுகிறது. படத்தின் முடிவில் சாக்கடைச் சுரங்கத்தில் அவர் சுடப்பட்டு விழும்போது, வில்லன் ஹாரி லைமின் வேறு எந்தக் குற்றத்தையும்விட இதுதான் நமக்கு வலிக்கிறது.

பதின்மூன்று ஆண்டு கழித்து 'டாக்டர் நோ'. பாண்டை நள்ளிரவு தாண்டிய நேரத்தில் அலுவலகத்துக்கு வரவழைக்கிறார் எம். கையில் பைப். பாண்டின் துப்பாக்கியைக் கேட்கிறார். பாண்டுக்குப் பிரியமான பெரெட்டா அது. போன வேலையில் அது சிக்கிக்கொண்டதால் பாண்டு ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இனி வால்தர் பிபிகே என்று உத்தரவு. பாண்டு தயங்குகிறான், வாதாடிப் பார்க்கிறான். புதிய துப்பாக்கிக்கு அடியில் பழையதையும் மறைத்து எடுத்துக்கொண்டு கதவு வரை போய்விடுகிறான். எம் குரல் உயர்த்தாமல் அதைத் திரும்ப வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். அவ்வளவுதான் காட்சி.

ஒரு நாயகனிடமிருந்து அவனுடைய ஆயுதத்தைப் பிடுங்கிக்கொள்ளும் அதிகாரம் படைத்த ஒரு வயசான மனிதர். பாண்டு படங்களின் முழுக் கட்டுமானமும் இந்தக் காட்சியில்தான் நிற்கிறது என்று நான் நினைக்கிறேன். இவன் சம்பளக்காரன், விடுப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டியவன், கெட்ட பெயர் வாங்கினால் சாதாரண வேலைக்கு இறக்கப்படக் கூடியவன் என்று முதலிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால்தான் பிறகு அவன் செய்யும் நம்ப முடியாத சாகசங்களையெல்லாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கையை ஒவ்வொரு படத்திலும் சில நிமிடங்களில் உண்டாக்கிக் கொடுப்பது லீயின் வேலை. 'ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' (1969) படத்தில் பாண்டு கோபத்தில் ராஜினாமாக் கடிதம் சொல்கிறான். எம்-இன் செயலாளர் மிஸ் மனிபென்னி அதை இரண்டு வார விடுப்பு விண்ணப்பமாக மாற்றிவிடுகிறாள். பாண்டு அவளுக்கு நன்றி சொல்கிறான். அவன் போன பிறகு எம்-உம் நன்றி சொல்கிறார். நாயகன்மீது தனக்குள்ள பாசத்தை அவன் எதிரில் ஒருபோதும் காட்டாத மேலதிகாரி அவர். லீ அந்தக் கட்டுப்பாட்டை 17 ஆண்டுகளாகக் காப்பாற்றினார்.

பக்கத்து அறையில் இருந்த டெஸ்மண்ட் லெவெலினையும் சொல்லாமல் விடக் கூடாது. 'க்யூ' என்ற கருவி நிபுணராக 17 பாண்டு படங்கள். போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு ஐந்து ஆண்டு கைதியாக இருந்த வேல்ஸ்காரர். 'கோல்டுஃபிங்கர்' (1964) எடுக்கும்போது இயக்குநர் கை ஹாமில்டன் அவரிடம் சொன்ன யோசனைதான் அந்தப் பாத்திரத்துக்கு உயிர் கொடுத்தது: பாண்டைக் க்யூவுக்குப் பிடிக்காது, ஏனென்றால் கொடுத்த எந்தக் கருவியையும் அவன் உருப்படியாகத் திருப்பிக் கொண்டுவருவதில்லை. ஓசூர்த் தொழிற்சாலைகளில் டூல் ரூம் பார்த்தவர்களுக்கு இந்த ஆளை நன்றாகவே தெரியும். டோக்கன் வாங்கிக்கொண்டு மைக்ரோமீட்டரை எடுத்துக் கொடுத்துவிட்டு, கீறலோடு திரும்பி வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ஸ்டோர்காரர்தான் க்யூ. கடிகாரமும் லாரியும் மொபெட்டும் செய்த ஊர்க்காரர்களுக்குப் பாண்டைவிட அவர் நெருக்கமானவர்.

இப்போது நம் பக்கம். தமிழில் இந்த நாற்காலி எங்கே இருந்தது?

உளவு சம்பந்தப்பட்ட தமிழ்ப் படம் என்றால் வரிசையின் முன்னால் நிற்பது எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954). இரண்டாம் உலகப் போரின்போது எதிரிக்கு ரகசியம் விற்ற ரேடியோ இன்ஜினீயர் சுட்டுக் கொல்லப்படுகிறான். அதை விசாரிக்கும் சி.ஐ.டி அதிகாரியாக வந்தவர் ஜாவர் சீதாராமன். படத்தின் எழுத்தும் அவருடையதே. 'ஏழை படும் பாடு' (1950) படத்தில் ஜாவர் என்ற போலீஸ் அதிகாரியாக நடித்ததால் அந்தப் பெயரே அவருக்கு முன்னொட்டாகிவிட்டது. பாட்டு இல்லாத, சண்டை இல்லாத அந்தப் படத்தில் கதை நகர்வதே அவருடைய கேள்விகளால்தான். நாயகனைவிட விசாரிப்பவன் முக்கியமான அபூர்வத் தமிழ்ப் படம் அது. அந்தப் பாதையில் அடுத்த அடி எடுத்து வைக்க யாரும் வரவில்லை.

அறுபதுகளில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் வேறு வழியில் போனது. 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) என்று ஜெய்சங்கரை வைத்து எடுத்த படங்களால் அவருக்குத் 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்' பட்டம் கிடைத்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ராஜ்குமார் 'ஜேடர பலெ' (1968) தொடங்கி சி.ஐ.டி 999 என்ற ஒரே பாத்திரமாக நான்கு படங்களில் வந்தார். அது ஒரு தொடர். நம்முடையது தொடர் அல்ல. ஒவ்வொரு படத்திலும் கதை புதிதாகப் பிறந்தது, அதிகாரியும் புதிதாகப் பிறந்தார். ஒரு காட்சியில் வந்து கோப்பை நீட்டி விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனால் அவர் வேலை முடிந்தது. மேஜர் சுந்தர்ராஜன் மாதிரி ஒருவர் சீருடையில் வந்து ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை என்று இரண்டு தரம் சொன்னால் அதிகாரம் வந்து உட்கார்ந்துவிட்டது என்று நாமும் ஏற்றுக்கொண்டோம். மேஜர் பெரிய நடிகர். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவரால்கூட எந்த நாயகனிடமிருந்தும் துப்பாக்கியைப் பிடுங்க முடிந்ததில்லை. பிடுங்க யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. தமிழ் நாயகனுக்கு அம்மா உண்டு, தங்கை உண்டு, காதலி உண்டு. அவர்களுக்கு அவன் கட்டுப்படுவான். அலுவலகத்துக்குக் கட்டுப்பட்ட நாயகனை நம் சினிமாவுக்கு யோசிக்கவே வரவில்லை.

'விக்ரம்' இந்த வழக்கத்தை மாற்றக்கூடிய படமாக இருந்தது. எழுதியவர் சுஜாதா. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். பாதுகாப்புத் துறைக்குக் கருவிகள் செய்யும் நிறுவனத்தின் கூட்டங்களும் கோப்புகளும் எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பாண்டை உருவாக்கிய இயான் ஃப்ளெமிங் கடற்படை உளவுப் பிரிவிலும், ஜான் லெ காரே பிரிட்டிஷ் உளவுத் துறையிலும் வேலை பார்த்துவிட்டுக் கதை எழுத வந்தவர்கள். தமிழில் அந்த அளவுக்கு மேசையை உள்ளிருந்து அறிந்த எழுத்தாளர் சுஜாதா ஒருவர்தான். மேசைக்குப் பின்னால் உட்கார வைக்க சாருஹாசனும் கிடைத்தார். நீதிமன்றத்தில் வழக்காடிவிட்டு நாற்பதுகளின் கடைசியில் நடிக்க வந்தவர். மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) படத்தில் மகளின் வாழ்க்கை நொறுங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தகப்பனாக, ஏறக்குறைய ஒன்றும் செய்யாமலே எல்லாம் செய்தவர்.

ராவாக அவர் செய்திருப்பதும் அந்தச் சிக்கனம்தான். தோளைத் தளர்த்தி, கண்ணை மட்டும் வேலை செய்யவிட்டு, தன் தீர்மானங்களை நியாயப்படுத்தத் தேவையில்லாத மனிதராக இருக்கிறார். இங்கே இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. எதிரில் நிற்பவர் சொந்தத் தம்பி, இருபது வயதுக்கும் மேல் இளையவர். தியேட்டரில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். லீக்கும் கானரிக்கும் நடுவில் மேசை மட்டும் இருந்தது. ராவுக்கும் விக்ரமுக்கும் நடுவில் ஒரு குடும்பமே இருந்தது. தமிழ் நாயகன் கட்டுப்படுவது குடும்பத்துக்கு என்று மேலே சொன்னேன் அல்லவா? அலுவலகக் கட்டளையும் அண்ணன் சொல்லும் ஒரே குரலில் வரக்கூடிய ஒரு வாய்ப்பு, தானாகவே கையில் வந்து விழுந்தது.

படம் அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. கர்ப்பிணி மனைவி கொல்லப்பட்ட கோபத்தில்தான் விக்ரம் முழுமூச்சாக இறங்குகிறான். உத்தரவின் இடத்தைப் பழிவாங்கல் எடுத்துக்கொள்கிறது. பிறகு கதை சலாமியா என்ற கற்பனை ராஜ்ஜியத்துக்குப் பறந்துவிடுகிறது. அங்கே அம்ஜத் கான் சுல்தான், ஜனகராஜ் மொழிபெயர்ப்பாளர். சத்யராஜ் நடித்த வில்லன் சுகிர்தராஜாவுக்குக் கிடைத்த இடத்தில் பாதியாவது ராவுக்குக் கிடைத்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அடுத்த பாகமும் வரவில்லை. சாருஹாசன் அந்த நாற்காலிக்குத் திரும்பவும் இல்லை. லீக்கு 11 படங்கள் கிடைத்ததால்தான் எம் ஒரு மனிதரானார். முதல் இரண்டு படங்களோடு நிறுத்தியிருந்தால் அவரும் கோப்பு நீட்டும் அதிகாரியாகவே மறக்கப்பட்டிருப்பார். குணச்சித்திர நடிகருக்குத் தொடர் என்பது பெரிய வரம். நாயகனுக்குப் படம் முழுக்க நேரம் இருக்கிறது. இவருக்கு ஒரு படத்தில் ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடங்கள் ஆண்டாண்டாகச் சேர்ந்தால்தான் ஆள் உருவாவார்.

இவ்வளவோடு விட்டால் லீ ஜெயித்தார், சாருஹாசனுக்கு வாய்ப்பில்லை என்று ஆகிவிடும். மேசையைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தால் கணக்கு வேறு.

'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்டு' லெ காரேயின் நாவல். ரிச்சர்ட் பர்ட்டன் நடித்த லீமாஸ், துறையிலிருந்து துரத்தப்பட்டுக் குடியில் விழுந்தவனாக வேஷம் போட வேண்டும். அப்போதுதான் கிழக்கு ஜெர்மானியர்கள் அவனை விலை பேச வருவார்கள். அதற்காக அவன் தெருமுனை மளிகைக் கடையில் சாமான் எடுத்துவிட்டுக் கடன் கேட்கிறான். கடைக்காரர் பேட்மோர் மறுக்கிறார். ஊர் பேர் தெரியாதவனுக்கு எந்தக் கடைக்காரர் கடன் கொடுப்பார்? லீமாஸ் அவரை அடித்துப் போட்டுவிட்டுச் சிறைக்குப் போகிறான். உளவுத் துறையின் திட்டத்தில் அது ஒரு படி. பேட்மோருக்கு அது என்றைக்கும் தெரியப் போவதில்லை. தன் கடையில், தன் நியாயத்தில் நின்ற ஒரு மனிதரின் முகத்தை அரசாங்கம் ஒரு படிக்கட்டாக மிதித்துக்கொண்டு போய்விட்டது.

அந்தப் பேட்மோர் பெர்னார்டு லீ! 'தண்டர்பால்' படத்தில் பாண்டுக்கு உத்தரவு போட்ட அதே முகம். சேர்த்துப் பார்த்தால் உடம்பு சில்லிடுகிறது. மேலே இருந்து ஆளை அனுப்பியவரும் கீழே அடி வாங்கியவரும் ஒரே ஆள். லீ பேட்மோராகத் தன்னைச் சிறுமைப்படுத்திக்கொள்ளவில்லை, பரிதாபமும் கேட்கவில்லை. எம்-இடம் இருந்த அதே பிடிவாதம், தன் இடத்தில் தான் சரி என்ற அதே தெளிவு கடைக்காரரிடமும் இருக்கிறது. கையில் அதிகாரம் மட்டும் இல்லை.

சாருஹாசனின் தபரன் அதே பக்கத்தில் இன்னும் வெகு தூரம் போகிறார். பூர்ணசந்திர தேஜஸ்வியின் கதை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அரசாங்கத்துக்கு உழைத்த ஒரு கடைநிலை ஊழியன். காபித் தோட்டக்காரர்களிடம் வரி வசூலிக்கப் போன இடத்தில் உண்டான கணக்குச் சிக்கல் அவனுடைய ஓய்வூதியத்தை மறித்துக்கொண்டு நிற்கிறது. மனைவிக்குச் சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். மருந்துக்குப் பணம் வேண்டும். பணத்துக்குக் கோப்பு நகர வேண்டும். கோப்பு நகர ஒவ்வொரு மேசைக்காரரும் இன்னொரு மேசையைக் கை காட்டுகிறார். பணம் வருவதற்குள் மனைவி போய்விடுகிறாள். காசரவள்ளிக்கு இந்தப் படம் 'கடஸ்ராத்த'வுக்குப் பிறகு இரண்டாவது முறையாகச் சிறந்த படத்துக்கான தேசிய விருதைக் கொண்டுவந்தது.

சாருஹாசன் இதில் உட்காருகிற விதத்தைக் கவனிக்க வேண்டும். அலுவலகத்தில் மனுதாரர் உட்காருகிற விதம் என்று ஒன்று இருக்கிறது. பெஞ்சின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். யாராவது எழுந்திருக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற எதிர்பார்ப்பு முதுகில் இருக்கும். கூப்பிடும் முன்பே பாதி எழுந்துவிடுவார்கள். கூப்பிட்டது தன்னை இல்லை என்று தெரிந்ததும் மெல்ல உட்காருவார்கள். வாழ்நாளெல்லாம் அரசாங்கத்தை நம்பிய ஒருவன் அந்த நம்பிக்கையை விட மனமில்லாமல் விடுகிற ஒவ்வொரு கட்டமும் அவர் உடம்பில் தெரிகிறது. நீதிமன்ற வராண்டாக்களில் இப்படிப்பட்டவர்களை வருஷக்கணக்கில் பார்த்த வழக்கறிஞரின் கண் அதற்குள் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ராவுக்கும் தபரனுக்கும் அவர் வைத்திருக்கும் பொதுவான ஒன்று, அவசரப்படாமை. ராவ் அவசரப்படுவதில்லை, ஏனென்றால் மற்றவர்கள் காத்திருப்பார்கள். தபரன் அவசரப்படுவதில்லை, ஏனென்றால் அவசரப்பட்டு ஒன்றும் ஆகப் போவதில்லை.

இந்தப் படத்தைக் கெலவரப்பள்ளிப் பக்கத்தில் பார்க்கிறவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. 44.28 அடி அணையின் மதகு திறக்கும்போதெல்லாம் மேலேயிருந்து வந்த கழிவு நுரை வெள்ளைப் பாளமாகப் பொங்கி வாய்க்காலில் இறங்குகிறது. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சுகிற விவசாயி மனு எழுதுகிறார். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு முன்பு தருமபுரி போனார்கள். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பிறகு கிருஷ்ணகிரி போகிறார்கள். கழிவு கலக்கிற இடம் இன்னொரு மாநிலம் என்பதால் மனு எந்த மேசையில் போய் முடியும் என்பதே ஒரு கேள்வி. தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்த குடும்பங்களுக்கும் இந்த வராண்டாக்கள் பழக்கம். எங்களுக்கு அரசாங்கம் என்பது காத்திருக்கும் பெஞ்சிலிருந்து தெரிகிற ஒன்று. உள்ளே, கதவுக்கு அப்பால், பைப் புகைத்துக்கொண்டு ஒரு பெரிய மனிதர் உலகத்தைக் காப்பாற்றத் திட்டம் போடுகிறார் என்பதைப் படத்தில் ரசிக்கலாம், அவ்வளவுதான்.

இரண்டு நடிகர்களுக்கும் உள்ள வித்தியாசத்தின் வேரே இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். போரை நடத்தி ஜெயித்த ஒரு தலைமுறை ஆங்கிலேயர்களுக்கு அந்த அறை சொந்த அறை. லீ போருக்குப் போனார், லெவெலின் சிறையில் இருந்தார், ஃப்ளெமிங் கடற்படை உளவுத் தலைவரிடம் உத்தரவு வாங்கினார். எம் என்ற பாத்திரத்துக்கு அந்தத் தலைவர் ஜான் காட்ஃப்ரேயைத்தான் முன்மாதிரியாகச் சொல்வார்கள். அதனால் அவர்களுடைய மிகச் சிறந்த குணச்சித்திர நடிப்பு அறைக்குள்ளேயே நடந்தது. நம்முடைய மிகச் சிறந்தது அறைக்கு வெளியே, வராண்டாவில் நடந்தது. அதைக் கண்டுகொண்டு சாருஹாசனுக்கு முழுப் படத்தைக் கொடுத்தது கன்னட சினிமா. தமிழ் சினிமா அடுத்த ஆண்டு 'நாயகன்' படத்துக்காகத் தம்பியைத் தேசிய விருது மேடைக்கு அனுப்பியது. அண்ணனை அனுப்பியது பக்கத்து மாநிலம். எல்லையில் வாழ்கிறவனுக்கு இதில் பெருமையும் உண்டு, கொஞ்சம் மனத்தாங்கலும் உண்டு.

லீயின் கடைசி ஆண்டுகள் துயரமானவை. 1972-ல் வீடு தீப்பற்றியதில் மனைவி இறந்தார். அதற்குப் பிறகும் 'லிவ் அண்ட் லெட் டை' (1973) முதல் நான்கு பாண்டு படங்களில் வந்தார். அந்தப் படத்தில் அவர் அதிகாலையில் பாண்டின் வீட்டுக்கே வந்து நிற்கிறார். ரோஜர் மூர் பெரிய இயந்திரம் ஒன்றை முறுக்கித் திருகிக் காபி போட்டுக் கொடுக்க, இத்தனை பாடும் இந்த ஒரு கோப்பைக்குத்தானா என்பதுபோல அதைப் பார்க்கிறார். 1981 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தபோது 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' தயாரிப்பில் இருந்தது. அந்தப் படத்துக்கு வேறு எம்-ஐத் தேடவில்லை. எம் விடுப்பில் இருப்பதாகக் கதையில் எழுதி, அவருடைய வேலைகளை மற்ற அதிகாரிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு துணை நடிகருக்கு ஒரு படக் கம்பெனி செய்யக்கூடிய மரியாதையில் இது முதல் தரம்.

சாருஹாசனுக்குத் தமிழில் மறுபடியும் கதையின் மையத்தில் இடம் கிடைத்தது 2019-ல், 'தாதா 87' என்ற படத்தில். அதற்கு மூன்று ஆண்டு கழித்து லோகேஷ் கனகராஜின் 'விக்ரம்' வந்தது. நாயகனுக்கு அருண்குமார் விக்ரம் என்ற அதே பெயர், 36 ஆண்டு இடைவெளி. அதில் ராவ் இல்லை, ராவின் நாற்காலியும் இல்லை. அரசாங்கம் கைவிட்ட ஒரு ரகசியப் படையின் மிச்ச ஆட்கள் சாதாரண வேலைகளுக்குள் ஒளிந்திருக்கிறார்கள். 'குணா', 'மகாநதி' படங்களை இயக்கிய சந்தான பாரதி ஏஜென்ட் உப்பிலியப்பன். 'பொன்னியின் செல்வ'னை மேடைக்குக் கொண்டுவந்த இளங்கோ குமரவேல் இன்னொரு ஏஜென்ட். எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டது ஏஜென்ட் டீனா. படக் குழுக்களில் நடன உதவியாளராகப் பல ஆண்டு வேலை செய்த வசந்தி, வீட்டு வேலைக்காரப் பெண்ணாகப் பாதிப் படம் வரை யார் கண்ணிலும் படாமல் இருந்துவிட்டுத் திடீரென்று நிமிர்ந்து நிற்கிறார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நாயகன் அல்லாதவர்களுக்குத் தமிழ் உளவுப் படத்தில் இப்படி ஒரு வரவேற்பு அதற்கு முன் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

ஆனாலும் டீனாவை அனுப்பியது யார், எந்த மேசை, அந்த மேசைக்காரர் இரவில் தூங்கினாரா என்ற கேள்விகளைத் தமிழ்ப் படம் இன்னும் கேட்கவில்லை. பேட்மோர் மாதிரி ஒரு கடைக்காரர், உளவு விளையாட்டில் காரணம் தெரியாமல் அடிபட்டவர், நம் படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக ஓடி மறைந்துவிடுகிறார். ராவும் தபரனும் ஒரே படத்துக்குள் எதிரெதிரே உட்காரும் கதையை எழுத சுஜாதா இப்போது இல்லை. எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள்; நடிக்கக்கூடியவர்களும் இருக்கிறார்கள்.

இந்த நான்கு படங்களையும் பார்க்க நினைப்பவர்கள் ஆங்கிலப் படங்களில் முதலில் 'தண்டர்பால்' பார்த்துவிட்டுப் பிறகு கறுப்பு வெள்ளையில் இருக்கும் மற்றதைப் பாருங்கள். மளிகைக் கடைக் காட்சி வரும்போது அது யாருடைய முகம் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தியப் படங்களில் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். 'தபரன கதெ'யை முதலில் பார்த்துவிட்டு 'விக்ரம்' பக்கம் வந்தால், ராவ் வருகிற ஒவ்வொரு காட்சியிலும் அந்த மேசைமேல் கிடக்கும் கோப்புகள் யாருடையவை என்று கண் தேட ஆரம்பித்துவிடும்.